பூஜை ஆன கார்டு

பக்கத்துல ஆள் வராங்களாக்கா? வரலேன்னா அந்த ஒயர் கூடையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கங்க, நான் உக்காந்துக்கறேன். இல்ல இல்ல, ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க. எனக்குக் காத்துப் பட்டா பூ வாடிரும்.

இந்தப் பையா? பாத்துக்கா, கால் பட்டுறப் போகுது. உள்ள மூணு கார்டு இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ள மாட்டுற கார்டு. நெட்வொர்க் கார்டும்பாங்க. மூணும் எனக்கு உதவாத கார்டு. மதுரையில டவுன் ஹால் ரோட்டுல ஒரு கடைக்காரரு இருக்காரு, அவரு மேசையில மூணையும் டொப்புன்னு வச்சுட்டு, ரெண்டு வார்த்தை சுருக்குன்னு கேட்டுட்டு, அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். அவ்வளவுதான் வேலை. சேலையா? புதுசுதான். சும்மா பீரோவுல கிடந்துச்சு, எடுத்துக் கட்டினேன்.

என் பேரு செண்பகவல்லி. இங்க அருப்புக்கோட்டைக்கு வெளிய பாலிடெக்னிக் இருக்குல்ல, அதுல கம்ப்யூட்டர் லேப்புக்கு நான்தான் பொறுப்பு. பதினாறு வருஷமாச்சு. முப்பது கம்ப்யூட்டரு, அத்தனைக்கும் தலையா ஒரு சர்வர். பிள்ளைங்க வருகை, மார்க்கு, பிராக்டிகல் பரீட்சை எல்லாம் அந்தச் சர்வருக்குள்ளதான் இருக்கு. அதுல லினக்ஸ் போட்டிருக்கேன். லினக்ஸுன்னா, ஊரு உலகத்துல இருக்கறவுக எல்லாம் சேர்ந்து எழுதி, யாரு வேணா எடுத்துக்கங்கன்னு பொதுவுல வச்சிருக்கற சாஃப்ட்வேர். நானே படிச்சு, நானே போட்டு, நாலு வருஷமா ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒரு நாள் நின்னதில்லக்கா. சத்தியமா.

ஆவணிக் கடைசியில ஒரு இடி விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? உங்க பக்கம் டிவி போச்சா? எங்களுக்கு சர்வர்ல ஒயர் சொருகுற வாய் போச்சு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு, வாய் மட்டும் செத்துருச்சு. சர்வர் உசுரோட இருக்கு, ஆனா யாரு கூடவும் பேசாது. இதுக்கு வைத்தியம் ஒண்ணுதான், தனியா ஒரு கார்டு வாங்கி மாட்டணும். சின்ன விஷயம். அப்படித்தான் நினைச்சேன்.

எங்க தாளாளர் இருக்காரே, அவருக்கு லினக்ஸுன்னாலே ஆகாது. சும்மா கிடைக்கற சாமானுக்கு யாரு ஜவாப்தாரின்னு கேப்பாரு. சர்வர் வாய் செத்ததும் அவருக்கு ஒரே குஷி. கூப்பிட்டு விட்டாரு. "இந்தா பாரும்மா, ஆயுத பூஜை லீவு முடிஞ்சு புதன்கிழமை காலேஜ் தொறக்குது. அன்னிக்கு ஒன்பது மணிக்கு சர்வர் ஓடணும். ஓடலேன்னா ஒரு கம்பெனிக்காரனைக் கூட்டியாந்து எல்லாத்தையும் மாத்திருவேன். நீ ஹாஸ்டல் ஸ்டோர்ல அரிசி பருப்பைப் பாத்துக்க"ன்னுட்டாரு. அரிசி பருப்பு கேவலம்னு சொல்லலக்கா. ஆனா அந்த லேப்பு எனக்கு வீடு மாதிரி. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் வேணாம்னு இருந்தவ நான். காலையில போயி அந்த முப்பது மிஷினையும் போட்டு விட்டு, எல்லாம் ஒண்ணா மூச்சு விடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுது விடியும். அதைப் புடுங்கிட்டு மூட்டையை எண்ணச் சொன்னா எப்படி இருக்கும், சொல்லுங்க. வீட்டுக்குப் போயி அழுதேன், மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

சரி, கார்டு வாங்கலாம்னு மதுரைக்குப் போனேன். அந்தக் கடை. அந்த மனுசன். பேரு ஆதிமூலம். கடைக்கு வர்றவுக எல்லாம் அண்ணன் அண்ணன்னுதான் கூப்பிடுவாக. எனக்கு என்னமோ அந்த வார்த்தை வாயில வரல. சாருன்னுதான் கூப்பிடுவேன்.

போன உடனே என்னைக் கேக்கறாரு, "எந்தச் சிப்பு வேணும்?" கார்டு வேணும்னு வந்தவகிட்ட சிப்பு எதுன்னா? நான் சொன்னேன், "பச்சைப் பொட்டியில வருமே, அது குடுங்க." அவரு சிரிக்கல. சிரிச்சிருந்தாக் கூட பரவாயில்ல. மேசைக்கு அடியிலருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாரு. எந்தக் கார்டுக்குள்ள எந்தச் சிப்பு, அது லினக்ஸுல ஓடுமா ஓடாதா, எல்லாம் பென்சில்ல எழுதி வச்சிருக்காரு. கம்பெனிக்காரன் சொல்லாம கொள்ளாம உள்ள மாத்திக்கிட்டே இருப்பானாம், அதனால இவரும் அழிச்சு அழிச்சு எழுதணுமாம். மதுரையைச் சுத்தி யாருக்கு லினக்ஸ் சர்வர்ல சந்தேகம்னாலும் அந்த நோட்டைக் கேட்டுத்தான் சாமான் வாங்குவாக. "எந்த லினக்ஸு, எத்தனாவது பதிப்பு, கார்டு சொருகுற ஸ்லாட்டு நீளமா குட்டையா, பாத்துட்டு வாங்க"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. பொம்பளைன்னா தெரியாதுன்னு நினைச்சாரா? எனக்கு எல்லாம் தெரியும், பச்சைப் பொட்டியைக் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

மாட்டினேன். அசையல. ஏன்னா டிரைவர் இல்ல. எப்படிச் சொல்ல, இந்த பஸ்ஸை எடுத்துக்கங்க. முன்னாடி உக்காந்திருக்காரே, அவருக்கு இந்த வண்டி தெரியும். நாளைக்கே ஒரு ரயிலைக் கொண்டாந்து நிப்பாட்டினா ஓட்டுவாரா? அது மாதிரி ஒவ்வொரு சிப்புக்கும் அதை ஓட்டத் தெரிஞ்ச ஒரு டிரைவர் லினக்ஸுக்குள்ள இருக்கணும். நான் வாங்கினது புத்தம் புதுச் சிப்பு. என்கிட்ட இருந்தது பழைய லினக்ஸு. அதுக்கு இதை ஓட்டத் தெரியல.

ரெண்டாவது கார்டு, இன்டர்நெட்டுல ராப்பகலா தேடி, எந்தக் கார்டு ஓடும்னு ஒரு பட்டியல் இருக்கு, அதைப் பாத்து எழுதிட்டுப் போனேன். "இந்தக் கார்டேதான், வேற பேச்சு வேணாம்"னு சொன்னேன். "பொட்டியைப் பிரிச்சுச் சிப்பைப் பாத்துட்டு வாங்கிட்டுப் போங்களேன்"னாரு. பிரிச்சுக் காமிக்கறேன்னு ஏதோ பழசைத் தள்ளி விட்டுருவாருன்னு எனக்குச் சந்தேகம். பிரிக்காமலே வாங்கிட்டு வந்தேன். இங்க வந்து பிரிச்சா, பொட்டி மேல அதே பேரு, அதே படம், உள்ள வேற சிப்பு. மூணாவது சரியான சிப்புதான், கேட்டு வாங்கினது, ஆனா நீள ஸ்லாட்டுக்கு உள்ள கார்டு. எங்க சர்வர்ல இருக்கறது குட்டை. உக்காரவே மாட்டேங்குது. ஆக மூணு கார்டுலயும் என் மேல தப்பு எதுவும் இல்லக்கா. அவரு கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணுமில்ல?

காரியாபட்டி வந்துருச்சு. டீ குடிக்கறீங்களா? சரி விடுங்க, நிப்பாட்ட மாட்டான் போல.

மூணாவதும் போனதும் தோத்துட்டேன்னு ஆதிமூலம் சாருக்கே போன் பண்ணினேன். அவரு ஒரு வார்த்தை குத்திக் காமிக்கல. திரையில என்ன டைப் பண்ணணும்னு ஒவ்வொரு எழுத்தாச் சொன்னாரு, நான் அடிச்சுட்டு வர்றதைப் படிச்சேன், அவரு நோட்டுல தேடினாரு. அன்னிக்கு அரை மணி நேரம். மறுநாள் முக்கா மணி நேரம். அப்புறம் தினம் சாயங்காலம் லேப்பைப் பூட்டிட்டு ஒரு போன். சர்வர் விஷயமாத்தான். சர்வர் விஷயம் சீக்கிரம் முடிஞ்சுரும், அப்புறம் சும்மா பேசுவோம். அவருக்குச் சுகர் இருக்கு, இனிப்பு ஆகாது. மிக்சர்னா உசுரு. சம்சாரம் தவறி ஆறு வருஷமாச்சு. இதெல்லாம் நான் கேக்கலக்கா, அவரா சொன்னது. நானும் என் கதையைச் சொன்னேன், பேச்சுன்னா ரெண்டு பக்கமும் இருக்கணுமில்ல.

நாலாவது கார்டு அவரே பாத்து எடுத்தாரு. பூதக்கண்ணாடி வச்சுச் சிப்பு மேல இருக்கற நம்பரைப் படிச்சாரு, நோட்டுல பாத்தாரு, எங்க சர்வர் விவரத்தை நான் எழுதிட்டுப் போன சீட்டுல பாத்தாரு. "இது ஓடும். ஓடலேன்னா நான் கடையை மூடிர்றேன்"னு சொன்னாரு. பூஜைக்கு முந்தின நாளு அது. எனக்கு வர்ற வழியெல்லாம் இந்த பஸ்ஸுல சிரிப்பு சிரிப்பா வருது. பக்கத்துல இருந்த அம்மா என்னை ஒரு மாதிரி பாத்துச்சு.

வந்த உடனே மாட்டலக்கா. புது வண்டி வாங்கினாலே பூஜை போட்டுத்தானே எடுக்கறோம். என் பொழைப்பையே தூக்கி நிறுத்தப் போற சாமான், அதை வெறுமனே மாட்டலாமா? திங்கக்கிழமை ஆயுத பூஜை. லேப்பை எல்லாம் கழுவி விட்டு, முப்பது கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, வாழையிலையில பொரி, கடலை, பழம், நடுவுல அந்தக் கார்டு. ராணி மாதிரி. மத்த மிஷினுக்கெல்லாம் ஒரு பொட்டு. இதுக்கு மட்டும் மூணு பொட்டு. நடுவுல இருக்கற சிப்பு மேல ஒண்ணு. ஓரத் தகடு, சர்வருக்கு வெளிய தெரியுமே, அதுல ஒண்ணு. அப்புறம் அடியில சீப்புப் பல்லு மாதிரி வரிசையா தங்கக் கலருல பளபளன்னு இருக்கும், அதைத்தான் ஸ்லாட்டுக்குள்ள சொருகணும். பாக்கவே லட்சணமா இருந்துச்சு, அதனால அங்க நல்லா தாராளமா, குழைச்ச சந்தனத்தை இழுத்தே விட்டேன்.

நான் வச்ச பொட்டுன்னா எங்க காலேஜுல எல்லாருக்கும் அடையாளம் தெரியும். இந்தா, இந்த மோதிர விரலைப் பாருங்க. ஒரு தடவை கம்ப்யூட்டர் மூடியைத் தொறக்கறப்போ தகடு அறுத்துருச்சு. குறுக்க வடு. நான் எங்க பொட்டு வச்சாலும் நடுவுல ஒரு கோடு விழுந்து ரெண்டாத் தெரியும். பிள்ளைங்க கேலி பண்ணும், மேடம் சாமிக்கே முத்திரை குத்துறாங்கன்னு.

கற்பூரம் காட்டிட்டு, கார்டை எடுத்து மாட்டி, சுவிட்சைப் போட்டேன். ஒண்ணும் இல்ல. அந்தச் சர்வருக்கு, கார்டுன்னு ஒண்ணு தனக்குள்ள இருக்கறதே தெரியல. கழட்டி மாட்டினேன். ஒண்ணும் இல்ல. வேர்த்து ஊத்துது. புதன்கிழமைக்கு நடுவுல ஒரே ஒரு நாளு. அரிசி மூட்டை கண்ணு முன்னாடி வந்து நிக்குது.

அப்ப எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். பாலிடெக்னிக் லேப் பொறுப்பாளர்களுக்குன்னு எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கு, ஜில்லா பூரா ஆளுங்க. அதுல எழுதினேன். எட்டு வரி. அந்தக் கடையில பழுதான சாமானைத் தலையில கட்டுறாங்க, நோட்டு கீட்டுன்னு காமிச்சு ஏமாத்தறாங்க, யாரும் போகாதீங்கன்னு. நல்லா எழுதியிருந்தேன்கா, எனக்கே பிடிச்சிருந்துச்சு. சாத்தூர்க்காரரு ஒருத்தரு நான் சொன்னதுக்காகவே அவருகிட்டச் சொல்லி வச்சிருந்த சாமானை வேணாம்னுட்டாரு.

மறுநாள் விஜயதசமி. முத பஸ்ஸு. கடை தொறந்து சாமி கும்பிட்டுக்கிட்டிருந்தாரு. கார்டை மேசையில போட்டுட்டு நான் கத்தின கத்துல டீக்கடைக்காரன் வந்து எட்டிப் பாத்தான். "கடையை மூடிர்றேன்னீங்களே, மூடுங்க"ன்னேன். "உங்களை நம்பினேன்ல, என்னைச் சொல்லணும்"னேன். அவரு கார்டைக் கையில எடுத்தாரு. திருப்பிப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. என்னமோ சொல்ல வந்தாரு. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது, அதைப் பாத்துட்டாரோ என்னமோ, சொல்லாமலே உள்ள போயிட்டாரு.

பத்து நிமிஷம். நான் வாசல்ல நிக்கறேன், இந்த மனுசன் உள்ள என்ன பண்ணினாருன்னு நினைக்கறீங்க? வெளிய வர்றப்போ சட்டை பூரா ரப்பர் தூளு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எதையோ உக்காந்து அழிச்சுக்கிட்டிருந்திருக்காரு. அவசரம்னா என்னன்னே தெரியாத மனுசன்.

வந்து ஒரு வெள்ளிக் காகித உறையை நீட்டினாரு. "இது ஓடும்"னாரு. "அந்தக் கார்டு பழுதா?"ன்னு கேட்டேன். சட்டையில இருந்த தூளைத் தட்டி விட்டாரு. அப்புறம், "தப்பு என் பக்கம்தான்னு வச்சுக்கங்க"ன்னாரு. நான் விடுவேனா? "அப்ப நோட்டுல எழுதுங்க, நாளைக்கு இன்னொருத்தரு ஏமாறக் கூடாது"ன்னேன். எழுதினாருக்கா. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். அந்தக் கார்டு பேருக்கு நேரா, பென்சில்ல, பழுதுன்னு. கை ஒரு நிமிஷம் நின்னு அப்புறம்தான் எழுதுச்சு. கிளம்பறப்போ ஒண்ணு சொன்னாரு. "இதுக்குப் பூஜை ஆயிருச்சும்மா. திரும்ப ஒண்ணும் வைக்க வேணாம், நேரா மாட்டிருங்க."

புதன்கிழமை காலையில ஏழு மணிக்கே போயி மாட்டினேன். ஆத்தாடி, பச்சை லைட்டு. கண்ணு சிமிட்டுது. முப்பது மிஷினும் ஒவ்வொண்ணா முழிச்சு, என்ன என்னன்னு சர்வரைக் கேக்குது, சர்வர் பதில் சொல்லுது. நான் கதவைச் சாத்திட்டு ஆடினேன்கா. நாப்பத்து மூணு வயசுல, லேப்புக்குள்ள, தனியா. ஒன்பது மணிக்குத் தாளாளர் வந்தாரு, ஒரு மிஷின்ல பாத்தாரு, இன்னொண்ணுல பாத்தாரு, "ம்"னுட்டுப் போயிட்டாரு. அந்த ம்முக்கு நான் கோயில் கட்டுவேன்.

ஆதிமூலம் சாரு போன் பண்ணினாரு, "லைட்டு எரியுதா, ஒரு படம் எடுத்து அனுப்புங்க"ன்னு. அனுப்பினேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரே வார்த்தை வந்துச்சு, சந்தோஷம்னு. அவ்வளவுதான். வாட்ஸ்அப்ல நான் எழுதினதை யாரோ அவருக்குக் காமிச்சிருக்காங்க, ஆனா அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. பாவம், குத்தம் அவரு மேல இருக்கறப்போ என்ன கேப்பாரு? போன வாரம் ஒரு தடவை மட்டும் சொன்னாரு, "அந்த மூணு கார்டையும் மாத்திக்கலாம். கூரியர்ல அனுப்பினாலும் போதும். நேர்ல வந்தா எனக்குச் சந்தோஷம்"னு. கூரியர்ல தொலைஞ்சு போச்சுன்னா? அதான் நானே போறேன். பையில மிக்சர் பொட்டலம் இருக்கறது வாஸ்தவம்தான். கடைக்குப் போறப்போ வெறுங்கையோட போக முடியுமா?

படத்தைக் காட்டவா? இருங்க, இங்கதான் வச்சிருக்கேன், அப்பப்ப பாத்துக்குவேன். இந்தா. சர்வருக்குப் பின்பக்கம். இந்தப் பச்சை லைட்டு தெரியுதா? இது எரியுதுன்னா உசுரு இருக்குன்னு அர்த்தம்.

எது? அதுவா, அது தகடு. ஆமா, குங்குமம். அவரு வச்சது. விஜயதசமியில்ல, புதுக் கார்டுன்னு அவரே பொட்டு வச்சுக் குடுத்திருக்காரு. பக்தியான மனுசன்.

என்னது? கோடா? எங்க கோடு?

பெருசு பண்ணுங்க. விரலை இப்படி வச்சு விரிங்கக்கா. இல்ல, இங்க குடுங்க.

நடுவுல கோடு.

இருங்க. இருங்கக்கா, ஒரு நிமிஷம் பேசாம இருங்க.

இது என் விரலு. இது நான் வச்ச பொட்டு. அப்படின்னா இது புதுக் கார்டு இல்ல. அதே கார்டு. அதே கார்டுதான், நான் அந்தத் தங்கப் பல்லுல சந்தனத்தை அப்பி வச்சதுல அதால ஸ்லாட்டைத் தொடவே முடியல. ரப்பரு. ஐயோ, ரப்பரு. பல்லுல அழுக்குன்னா ரப்பரை வச்சுத் தேய்க்கணும்னு நான் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக் குடுக்கறேனேக்கா. உள்ள உக்காந்து என் சந்தனத்தைத்தான் அழிச்சிருக்காரு. பூஜை ஆயிருச்சுன்னு சொன்னாரு பாருங்க. பொய்யே சொல்லல அந்த மனுசன். ஒரு வார்த்தை பொய் சொல்லல, நோட்டுல எழுதினதைத் தவிர. அதுவும் நான் பக்கத்துல நின்னு எழுத வச்சது. "உன் சந்தனம்தாம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தத் தெருவுலயே கூனிப் போயிருப்பேன். அதுக்காக அவரு பேரைக் கெடுத்துக்கிட்டாரே. நான் வேற ஜில்லா பூரா எட்டு வரி எழுதி வச்சிருக்கேன்.

சிரிக்காதீங்கக்கா. சரி, சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது, அழுகையும் வருது, ரெண்டும் சேர்ந்து வந்தா என்ன பண்றது. இந்த போனைப் பிடிங்க, நான் சொல்றதை அடிங்க. இல்ல, குடுங்க, நானே எழுதறேன். குழுவுல. "அந்தக் கடைக் கார்டுல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் நான் பூசின சந்தனத்துல. சாத்தூர் சார், அந்தச் சாமானைத் திரும்பச் சொல்லி வைங்க. இப்படிக்கு செண்பகவல்லி." போதுமா? போயிருச்சு. சிரிச்சுட்டுப் போறாங்க.

சிப்பு மேல இருந்ததை அழிச்சிருக்காரு, பல்லுல இருந்ததை அழிச்சிருக்காரு. தகட்டுல இருந்ததை மட்டும் விட்டுட்டாரே. படம் அனுப்பினப்போ இதையும் பாத்திருப்பாருல்ல? பாத்துட்டுத்தானே சந்தோஷம்னு எழுதியிருக்காரு.

பெருங்குடி தாண்டிருச்சாக்கா? அப்ப மதுரை வந்தாச்சு. இந்தப் பூவு சரியா இருக்கா பாருங்க. கொஞ்சம் தூக்கி விடுங்க. இன்னும் கொஞ்சம். ம்.

போயி என்ன சொல்வேனா? ஒண்ணும் சொல்ல மாட்டேன். மிக்சரை வைப்பேன். நோட்டைக் கேப்பேன். என் கார்டுக்கு நேரா பழுதுன்னு எழுதியிருக்குல்ல, அதை நானே அழிக்கணும். ரப்பரு அவருகிட்டயே இருக்கும்.